பாலுக்குப் பூனை காவல்!

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் என்றால் இரண்டு கட்சிகளின் பெயர்தான் உலகமெங்கும் அடிபடுகிறது. ஒன்று ரிபப்ளிகன் கட்சி, மற்றொன்று டெமாக்ரடிக் கட்சி. இவ்விரண்டுக்கும் வெளியே நின்று, தோல்வி நிச்சயம் என்று தெரிந்தே போட்டியிட்டவர்களும் உண்டு. அவர்களுடைய பெயர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒரு பெயர் மேரி பிரெம்.

1924-ம் வருஷத் தேர்தலில் மதுவிலக்குக் கட்சியின் உப ஜனாதிபதி அபேட்சகராக நின்றவர் இந்த அம்மையார். அக்கட்சியின் சார்பில் ஜனாதிபதி பதவிக்கு நின்றவர் ஹெர்மன் பாரிஸ். நாடு முழுவதிலும் இவர்களுக்குக் கிடைத்தவை சுமார் 55 ஆயிரம் ஓட்டுகள். பதிவான ஓட்டுகளில் ஆயிரத்துக்கு இரண்டுதான்!

இதைக் கேட்டுச் சிரிப்பது சுலபம். ஆனால் உழைக்கும் மக்கள் சிரித்துவிட்டுப் போய்விடக் கூடாது. ஏன்?

சம்பள நாளன்று சாராயக்கடை வாசலில் என்ன நடக்கிறது என்பதைத் தொழிலாளி வீட்டுப் பெண்ணுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் அதே கதைதான். ஆலை வாசலுக்கு எதிரே குடிக்கடை. சம்பளச் செக்கை மாற்றிக் கொடுப்பது அந்தக் கடை. பீர் வாங்கினால் மத்தியானச் சாப்பாடு இனாம் என்று அழைப்பதும் அந்தக் கடை. கடைக்குப் பின்னால் நின்றது பீர் ஆலை முதலாளியின் பணம். அதற்கும் பின்னால் நின்றது சர்க்கார். 1913-ல் வருமான வரி வருவதற்கு முன்பு, அமெரிக்க மத்திய சர்க்காரின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மது வரியிலிருந்துதான் வந்தது. வீட்டில் அடுப்பு எரியாமல் காத்திருந்த பெண்ணுக்கோ ஓட்டுரிமை கிடையாது. தன் சொந்தக் கூலியின் மீதுகூடச் சட்டப்படி உரிமை இல்லாத காலமும் அங்கே இருந்தது.

அந்தப் பெண்கள் 1874-ல் கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கத்தை அமைத்தார்கள். அச்சங்கத்தின் இல்லினாய்ஸ் ராஜ்யக் கிளையில் தலைமை வகித்து உழைத்தவர் மேரி பிரெம். மதுவிலக்குக் கட்சி அதற்கு முன்பே, 1869-ல், சிகாகோவில் தோன்றிவிட்டது. அந்தச் சின்னஞ்சிறு கட்சி ஆரம்பம் முதலே பெண்களைச் சம உரிமையுள்ள பிரதிநிதிகளாக மகாநாட்டில் உட்கார வைத்தது. 1872-லேயே பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று தன் வேலைத்திட்டத்தில் எழுதியது. அந்த உரிமை நாடு முழுவதற்கும் சட்டமாக 1920 வரை ஆயிற்று. அதற்குப் பிறகு, சட்டப்படி தகுதி பெற்று உப ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட முதல் பெண் மேரி பிரெம்தான்.

பெரிய கட்சிகள் என்ன செய்தன? டெமாக்ரடிக் கட்சி அப்பதவிக்கு ஒரு பெண்ணை நிறுத்தியது 1984-ல். ரிபப்ளிகன் கட்சி நிறுத்தியது 2008-ல். அப்பதவியில் ஒரு பெண் அமர்ந்தது 2021-ல். அவர் கமலா ஹாரிஸ். அவருடைய தாயார் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஆயிரத்துக்கு இரண்டு ஓட்டு வாங்கிய கட்சி செய்ததை, கோடி ஓட்டு வாங்கிய கட்சிகள் செய்ய அறுபது, எண்பது வருஷங்கள் பிடித்தன!

இங்கே ஒரு கேள்வி எழும். 1920 ஜனவரியிலேயே அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்துவிட்டதே, 1924-ல் மதுவிலக்குக் கட்சிக்கு என்ன வேலை?

அக்கட்சியின் பதில் இதுதான்: சட்டம் வந்துவிட்டது, ஆனால் அதில் நம்பிக்கை இல்லாதவர்கள் கையில் சட்டம் இருக்கிறது.

இந்தப் பதில் உண்மையா, இல்லையா? மதுவிலக்கை அமல் நடத்தும் பொறுப்பு நிதி இலாகாவிடம் இருந்தது. 1921 முதல் நிதி மந்திரியாக இருந்தவர் ஆண்ட்ரூ மெலன். அமெரிக்காவின் மாபெரும் கோடீஸ்வரர்களில் ஒருவர். ஓவர்ஹோல்ட் என்ற பெயர் பெற்ற விஸ்கி கம்பெனியில் பங்கு வைத்திருந்தவர்! பாலுக்குப் பூனை காவல் என்பது வேறென்ன? அவ்வளவு பெரிய தேசத்துக்கு ஆரம்பத்தில் நியமிக்கப்பட்ட மதுவிலக்கு ஏஜெண்டுகள் சுமார் 1,500 பேர். மந்திரியின் சுறுசுறுப்பு வேறு விஷயத்தில் தெரிந்தது. பெரும் பணக்காரர்களின் உச்ச வருமான வரி 73 சதவிகிதமாக இருந்ததை 1925-க்குள் 25 சதவிகிதமாகக் குறைத்துவிட்டார்கள்.

சட்டத்திலும் ஓட்டை இருந்தது. மதுவைத் தயாரிப்பது குற்றம், விற்பது குற்றம், கொண்டு போவது குற்றம். ஆனால் முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைத்திருந்ததைக் குடிப்பது குற்றமல்ல. பணக்காரன் நிலவறையை நிரப்பிக்கொண்டான். தொழிலாளியின் பீர் நின்றது. அவனுக்குக் கிடைத்தது கள்ளச் சாராயம். அதில் கலந்திருந்த விஷம் எத்தனையோ பேரின் கண்ணைப் பறித்தது, உயிரையும் பறித்தது. இல்லினாய்ஸ் ராஜ்யத்தின் வில்லியம்சன் கவுண்டியில் 1923 கடைசியிலும் 1924-லும், கூ கிளக்ஸ் கிளான் என்ற நிறவெறிக் கும்பல் மதுவிலக்கின் பெயரைச் சொல்லி நிலக்கரித் தொழிலாளர் வீடுகளுக்குள் புகுந்தது. தாக்கப்பட்டவர்களில் பலர் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். கோடீஸ்வரனின் நிலவறைக் கதவை யார் தட்டினார்கள்?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மதுவிலக்கின் முதல் வருஷங்களில் அமெரிக்காவில் குடி குறைந்தது. ஈரல் கெட்டுச் சாகிறவர்களின் தொகையும் குறைந்தது. ஆகவே பெண்கள் கேட்டது வீண் கோரிக்கையல்ல. அவர்களுடைய கண்ணீர் உண்மையானது. அந்தக் கண்ணீரை வைத்து வியாபாரம் செய்தவர்கள்தான் பொய்யர்கள்.

ஹென்றி போர்டு 1914-ல் தினம் 5 டாலர் கூலி என்று அறிவித்தார். தொழிலாளி குடிக்கிறானா என்று பார்க்க வீட்டுக்கே ஆள் அனுப்பினார். ராக்பெல்லர் குடும்பம் மதுவிலக்கு இயக்கத்துக்கு லட்சக்கணக்கான டாலர் கொடுத்தது. பிறகு காற்று மாறியது. ரசாயன முதலாளி பியர் டூபாண்ட், மது வரி திரும்பி வந்தால் வருமான வரியை ஒழிக்கலாம் என்று கணக்குப் போட்டு மதுவிலக்கை எதிர்க்கும் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1932-ல் இளைய ராக்பெல்லரும் மதுவிலக்கைக் கைவிட்டார். 1933 டிசம்பரில் சட்டமே ரத்தாயிற்று. நிதானம் தவறாத கைகள் யந்திரத்துக்கு வேண்டியிருந்தபோது குடி பாவமாக இருந்தது. வரிச் சுமையைத் தள்ளிவிட வேண்டியிருந்தபோது குடி சுதந்திரமாகிவிட்டது!

மேரி பிரெம் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1926 ஜனவரி முதல் தேதியன்று காலிபோர்னியாவில் பாசடேனா நகரத்து ஊர்வலத்தின்போது, சரிவரக் கட்டப்படாத பார்வையாளர் மேடை ஒன்று இடிந்து விழுந்தது. இருநூறுக்கு மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அவர்களில் ஒருவரான அம்மையார் அதே மாதம் காலமானார். அவருக்கு வயது 66.

அவருடைய கட்சியின் குறை என்ன? சாராய முதலாளியை அது பார்த்தது. சாராயம் தொடாத முதலாளியையும், அவன் கையில் சட்டம் எப்படி வளைகிறது என்பதையும் பார்க்கவில்லை. பெண்கள் சங்கத்தின் தலைவி பிரான்சிஸ் வில்லார்ட் 1890-களிலேயே இன்னொரு உண்மையைச் சொல்லியிருந்தார்: குடியால் வறுமை வருவது போலவே, வறுமையாலும் குடி வருகிறது. பன்னிரண்டு மணி நேரம் உலைக்கு முன்னால் நின்றவனிடம் உபதேசம் மட்டும் போதாது. வேலை நேரம் குறைய வேண்டும். கூலி உயர வேண்டும். குடியிருக்க மனிதனுக்கேற்ற வீடு வேண்டும்.

தோழர்களே! மதுவிலக்குக்கு மட்டுமல்ல, குறைந்தபட்சக் கூலிக்கும் இந்த விஷயம் பொருந்தும். குத்தகைக்கும் எட்டு மணி நேர வேலைக்கும் பொருந்தும். சட்டம் வந்துவிட்டது என்ற செய்தி கேட்டதும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதை அமல் நடத்துவது யார்? இதில் ஓட்டை யாருக்காக விடப்பட்டிருக்கிறது? இதனால் பிழைக்க வேண்டிய வீட்டுப் பெண்களுக்கு இதில் குரல் உண்டா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. உழைப்பவர்கள் ஒன்றுபட்டுக் காவல் நின்றால்தான் சட்டத்துக்கு உயிர் வரும். பூனையை நம்பினால் பால் மிஞ்சாது.