பெயரோடு ஒரு படம்



இந்த இதழின் நடுப்பக்கங்களில் வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியன்பள்ளி உப்பளங்களின் படங்கள் வருகின்றன. அம்மா பிறந்த ஊர் என்பதால் நம் புகைப்படக்காரரோடு நானும் போயிருந்தேன்.

அம்மாச்சி அந்த அளத்தில்தான் காலமெல்லாம் உப்பு வாரினார். வீட்டில் அவருக்கு இருப்பது ஒரே ஒரு படம். வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கி, பின்னால் நீலம் பூசி, ஸ்டுடியோக்காரர் தந்தது. கண்கள் இடுங்கியிருக்கும். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயிலையே பார்த்துப் பழகிய கண்கள். ஆனால் படத்தில் உப்பு இல்லை, உப்பை இழுக்கும் பலகையைப் பிடித்த கையும் இல்லை. கடலோரத்தில் பல வீடுகளின் நிலை இதுதான். கல்யாணத்துக்கு ஒரு படம், அட்டைக்கு ஒரு படம். வேலை செய்யும்போது யாரும் எடுத்ததில்லை. அந்த ஒன்றிரண்டையும் 2004 சுனாமியில் பறிகொடுத்த குடும்பங்கள் நாகை கடற்கரையில் எத்தனையோ.

உப்பளத்தில் வெயிலுக்கு முந்திக்கொள்ள வேண்டும். இருட்டிலேயே வந்துவிடுகிறார்கள். பாத்தியில் தேக்கிய உவர்நீர் சுண்டச் சுண்ட அடியில் உப்பு படியும். நீண்ட கழியில் பொருத்திய மரப்பலகையால் அதை இழுத்து வரப்போரம் குவிக்கிறார்கள். ஈர உப்பு நறநறக்கிறது. அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வடியும் உப்புநீர் தலைத்துண்டை நனைத்துப் பிடரியில் இறங்குகிறது.

உப்பின் வெண்மை கேமராவை ஏமாற்றிவிடும். வெளிச்சம் மிகுதி என்று கணக்கிட்டு அது படத்தை இருட்டாக்கும். உப்பு சாம்பலாகும், முகம் தெரியாது. அதனால் முகத்துக்கு வெளிச்சம் அளந்து எடுத்தோம். சில படங்களில் உப்பு வெளிறியிருக்கும். முகம் தெரிகிறதே, அது போதும். அந்தி வானமும் நீரில் விழுந்த அதன் நிறமுமாகக் கண்ணைப் பறிக்கும் படங்களும் இருந்தன. அவற்றில் ஆள் இல்லை; சேர்க்கவில்லை.

கூடையோடு வந்த ஒரு பெரியம்மா என்னைப் பார்த்து, "நீ யாரு வூட்டுப் புள்ளம்மா?" என்றார். சொன்னதும் கூடையை இறக்கி வைத்தார். அம்மாச்சி எந்தப் பாத்தியில் நிற்பார், கஞ்சித் தூக்கை எங்கே மாட்டுவார் என்று கை நீட்டிக் காட்டினார். அம்மாவுக்கே தெரியாத செய்திகள். பிறகு, "எங்களயும் எடுத்தியே, ஒரு படம் குடுப்பியாம்மா?" என்று கேட்டார். அவருக்கும் உடன் நின்றவர்களுக்கும் பிரதிகள் போய்ச் சேர்ந்துவிட்டன. படம் எடுக்கும் நண்பர்கள் எல்லோரும் இதைக் கடமையாகக் கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்புச் சட்டத்தை மீறியதன் நினைவாக அகஸ்தியன்பள்ளியில் ஒரு தூண் இருக்கிறது. வருகிறவர்கள் அதைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். எடுக்கட்டும். அப்படியே உப்பளத்துப் பக்கமும் வர வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பாத்திகளைச் சேற்றால் மூடிவிட்டுப் போனது. அந்தச் சேற்றை வாரி எறிந்து, தரையை மறுபடி மிதித்து இறுக்கி, உப்பை விளையவைத்தவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் கடலோரத்துப் பழைய படங்கள் இருக்கும். கரைவலை இழுக்கும் தாத்தா, கருவாடு காயவைக்கும் அத்தை, கட்டுமரத்தில் சாய்ந்து நிற்கும் யாரோ ஒருவர். அந்த யாரோ ஒருவரை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பெயர், ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். அசல் படம் வீட்டிலேயே இருக்கட்டும். நிழல் விழாத பகல் வெளிச்சத்தில் இரு பக்கங்களையும் செல்போனில் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். வரும் இதழ்களில் அவற்றுக்கென்று பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். படத்தில் இருப்பவர் என்ன வேலை செய்தார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்