ஒரு சோறு பதமாகுமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது முதுமொழி. ஆனால் விறகு ஒரு பக்கமாகவே எரியும் நாளில், எழுதப் படிக்கத் தெரியாத என் அன்னை ஒரு சோற்றை நம்புவதில்லை. நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என நசுக்கிப் பார்த்த பிறகே பானையை இறக்குவார். இந்த அடுப்படிப் பாடம் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் பொருந்துவதைப் படித்தறிந்து வியந்தேன்.

புற்றுநோய்க் கட்டியின் அளவை மட்டும் அறிந்தால் போதாது. அதன் செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதையும் அறிய வேண்டும். வேகமாகப் பெருகும் கட்டி மீண்டும் தலைகாட்டும் வாய்ப்பு பொதுவாக அதிகம். முதலில் மருத்துவர்கள் நுண்ணோக்கியில் பிரியும் செல்களை எண்ணினார்கள். பின்னர் 1983ல், ஜெர்மனியின் கீல் நகரில் ஜொஹன்னஸ் கெர்டெஸ் குழுவினர் ஓர் ஆன்டிபாடியை உருவாக்கினர். கீல் நகரின் பெயரும், அது கிடைத்த தட்டின் குழி எண்ணும் சேர்ந்து ‘கி-67’ என்ற பெயர் அமைந்தது. ஓய்ந்திருக்கும் செல்லில் இல்லாத, பெருகும் செல்லில் மட்டும் உள்ள ஒரு புரதத்தை அது காட்டிக் கொடுக்கிறது. நூறு புற்றுச் செல்களில் எத்தனையின் உட்கரு சாயம் ஏற்கிறது என்பதே கணக்கு.

கணக்கு எளிது, எண்ணுவதுதான் கடினம். கட்டியில் ஓரிடம் கொதித்துக் கொண்டிருக்கும், ஓரிடம் அடங்கிக் கிடக்கும். எடுத்த திசுவை ஃபார்மலினில் இடத் தாமதித்தாலும் கணக்கு மாறும். மங்கிய சாயத்தை ஒருவர் சேர்ப்பார், மற்றவர் தள்ளுவார். எனவே குறைந்தது 500 செல்களையேனும் எண்ண வேண்டும் என்று 2011ல் பன்னாட்டு அறிஞர் குழு வலியுறுத்தியது. 2021ல் அக்குழு மேலும் வெளிப்படையாகப் பேசியது. ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 மிகாத தொடக்க நிலைக் கட்டிகளில், 5 விழுக்காடு வரை இருந்தால் கீமோதெரபி பொதுவாக வேண்டாம். 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேண்டும். இடைப்பட்ட எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்றது. தன் அளவுகோலின் எல்லையைத் தானே சொல்வதன்றோ அறிவியலின் பெருமை!

இனி நம் செய்முறை வகுப்புக்கு வருவோம். வெங்காய வேர் நுனியை நசுக்கி, பிரியும் செல்களை நாமும் எண்ணுகிறோம். உண்மையில் எண்ணுகிறோமா? நான் சென்ற ஆண்டு ஒரே ஒரு புலத்தைப் பார்த்துவிட்டு, மற்றவற்றைச் சீனியரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து எழுதினேன். மதிப்பெண்ணும் கிடைத்தது. வெங்காயம் நம்மீது வழக்குத் தொடுக்கப் போவதில்லை.

ஆனால் நம்மில் சிலர் நாளை ஆய்வுக்கூடத்தில் பணிபுரியக் கூடும். அங்கே நாம் எழுதும் ஓர் எண்ணால், ஒரு தாய் தேவையில்லாத மருந்தால் முடி கொட்டி, வாந்தியெடுத்து, கூலி இழந்து கிடக்கலாம். அல்லது தேவையான மருந்து கிடைக்காமல் போகலாம். கணிப்பொறி எண்ணிக் கொள்ளும் என்பார்கள். தாமதமாக ஃபார்மலினில் இட்ட திசுவை எந்தப் பொறியாலும் சீராக்க முடியாது.

எனவே தோழர்களே, பாடநூலுக்கு ஒத்துவராத எண்ணையும் துணிந்து எழுதுவோம். ஆசிரியப் பெருமக்களும் அந்த எண்ணுக்கு மதிப்பெண் குறைக்காதிருக்க வேண்டுகிறேன். என் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். ஆனால் சரியாகப் பதம் பார்க்கத் தெரிந்த முதல் ஆள் என் அன்னையே!

– இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. தாவரவியல்