முடியைக் காத்த அளவுகோல்

கி.பி. 1066ஆம் ஆண்டில் நார்மண்டிக் கோமகன் வில்லியம் கடல் கடந்து வந்து இங்கிலாந்தின் முடியைக் கைப்பற்றினான். நான்கே ஆண்டுகள் கழித்து, 1070இல், தமிழகத்திலும் புதியவன் ஒருவன் அரியணை ஏறினான். அவனே முதலாம் குலோத்துங்கன். தந்தை வழியில் வேங்கிச் சாளுக்கியன். தாய் வழியில் கங்கைகொண்ட இராசேந்திர சோழனின் பேரன். அதிராசேந்திரன் மாண்டு நாடு கலங்கியிருந்த வேளையில் சோழ முடி அவனை அடைந்தது.

புதியவனை மக்கள் ஏற்பரோ? வில்லியம் கோட்டைகள் பல எழுப்பினான்; கிளர்ந்தெழுந்த வடபகுதியைத் தீக்கிரையாக்கினான். குலோத்துங்கனும் போர் செய்யாதவன் அல்லன். ஆயினும், சுங்கத்தை நீக்கியதனாலேயே 'சுங்கம் தவிர்த்த சோழன்' என அவன் பெயர் நிலைத்தது. 1086இல் நிலங்களை அளக்கச் செய்தான். வியப்பு யாதெனில், அதே ஆண்டில் வில்லியமும் தன் நாட்டு நிலங்களைக் கணக்கெடுத்து ஏட்டில் ஏற்றினான்! இருவர் அளவையும் வரியை நாடியதே. எனினும், நிலம் ஏட்டில் ஏறினால் உழுபவனுக்கும் ஒரு சான்று கிட்டுகிறது.

குலோத்துங்கன் ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆண்டான்.

போடிமெட்டுச் சாவடியைக் கடந்து சித்திரபுரம் சேர்ந்த நமக்குச் சுங்கத்தின் சுமை தெரியும். பட்டா இன்றி, தோட்டத்து லயங்களில் பிள்ளைகளை வளர்த்த நமக்கு ஏட்டில் ஏறிய நிலத்தின் அருமையும் தெரியும். ஆள வருவோர் எவராயினும், எந்தச் சுமையை இறக்கினார், எவர் பெயரில் நிலத்தை எழுதினார் என்றே நாம் கேட்போமாக.