‘இயற்கை’ என்றால் கேள்வி கேட்கக் கூடாதா?

செஞ்சிக் கடைத்தெருவில் எண்ணெயானாலும் சோப்பானாலும் சத்துமாவானாலும், உறையில் ‘இயற்கை’ என்ற சொல் இருந்தால் வாங்குபவர் வேறெதுவும் கேட்பதில்லை. மரத்தில் விளைந்தது உடம்புக்கு ஆகும், ஆலையில் பிறந்தது ஆகாது என்ற நம்பிக்கை அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. அது தவறான நம்பிக்கை. பங்குனியில் புளிக்குக் கொட்டை எடுக்கும் வீடுகளின் திண்ணையில் குவிந்து கிடக்கும் புளியங்கொட்டையே அதற்குச் சாட்சி.

தன் விதையைத் தின்ன வருபவருக்குப் புளியமரம் விருந்து வைப்பதில்லை. அந்த விதைக்குள் டிரிப்சின் நொதியைத் தடுக்கும் புரதம் இருக்கிறது. டிரிப்சின் கணையத்தில் சுரப்பது. சாப்பிட்ட புரதத்தைக் குடலில் துண்டாக்குவது. தடுப்புப் புரதம் அந்த நொதியின் வாயில் போய் இறுகச் சிக்கிக்கொள்ளும், நொதி முடங்கிப்போகும். இதே போன்ற புரதம் உள்ள சோயாவை வேகவைக்காமல் தின்ற எலிகள் சரியாக வளரவில்லை என்று ஆஸ்பார்ன், மெண்டல் என்ற ஆய்வாளர்கள் 1917லேயே கண்டார்கள். சோயாவிலுள்ள தடுப்புப் புரதத்தை 1940களில் குனிட்ஸ் என்ற ஆய்வாளர் படிகமாகப் பிரித்துக் காட்டினார். பஞ்ச காலத்தில் புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து, வேகவைத்துக் கொடுத்த பெண்களுக்கு நொதியின் பெயர் தெரியாது. பச்சையாகத் தின்னக் கூடாது என்பது தெரியும்.

ஒடுவன் தழையும் இயற்கைதான். அதன் நஞ்சு சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும் என்பதை இந்தப் பக்கத்து மருத்துவர்கள் நன்கு அறிவார்கள்.

அதற்காகப் புளியங்கொட்டையை வெறுக்க வேண்டியதில்லை. பிரேசில் ஆய்வாளர்கள் புளியங்கொட்டையிலிருந்தும், இங்கே எல்லோரும் சபிக்கும் சீமைக் கருவேலத்தின் விதையிலிருந்தும் இத்தகைய புரதங்களைப் பிரித்தெடுத்து, பயறு வண்டின் மீது சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள். மனிதருக்குத் தொல்லை தரும் அதே குணம் பூச்சியை அடக்கவும் உதவுகிறது.

இந்தப் புரதத்தைப் பிரித்தெடுக்கும் இடத்தில்தான் ‘இயற்கை’ மீதான நம்பிக்கை இன்னொரு அடி வாங்குகிறது. விதையின் எண்ணெயை நீக்க வழக்கமாகப் பயன்படும் ஹெக்சேன், பெட்ரோலியத்திலிருந்து வருவது, நரம்புகளைக் கெடுப்பது. அது போன்றவற்றுக்கு மாற்றாகப் ‘பசுமைக் கரைப்பான்கள்’ தேடப்படுகின்றன. அவற்றில் புகழ்பெற்ற ஒன்றை 2003இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் ஆபட் என்பவரின் ஆய்வுக் குழுவினர் அறிவித்தார்கள். மூலக்கூறு எண்ணிக்கையில், கோழித் தீவனத்தில் சேர்க்கும் கோலின் குளோரைடு ஒரு பங்கு, யூரியா இரண்டு பங்கு. 302 டிகிரியில் உருகும் ஒன்றும் 133 டிகிரியில் உருகும் ஒன்றும் சேர்ந்து, 12 டிகிரியிலேயே உருகி நீர்மமாகின்றன! செஞ்சி விவசாயியின் வீட்டில் மூட்டையாகக் கிடக்கும் யூரியா, ‘செயற்கை’ என்று ஏசப்படும் அதே யூரியா, இங்கே பசுமைக் கரைப்பானின் எடையில் கிட்டத்தட்டப் பாதி இருக்கிறது.

‘பசுமை’ என்ற சொல்லையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. யூரியா மிகுந்தால் பல புரதங்கள் மடிப்பு அவிழ்ந்து செயலிழக்கும். எனவே கிளிசரால் சேர்ந்த கலவையையோ வெறும் உப்புநீரையோ நாட வேண்டியிருக்கும். இத்தகைய கலவைகள் சில, அவற்றின் தனித்தனிப் பொருள்களைவிட உப்புநீர் இறாலுக்கு அதிக நஞ்சாக இருந்ததை மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள்.

நாளை ஒருவர் புளியங்கொட்டைப் புரதத்தைப் புட்டியில் அடைத்து, ‘நூறு சதவீதம் இயற்கை’ என்று எழுதி, செஞ்சி விவசாயியிடம் மணிலாப் பயிருக்குத் தெளிக்கச் சொல்லலாம். எந்தக் கரைப்பானில் பிரித்தீர்கள், அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, தெளித்த கொடியை மாடு தின்றால் என்ன ஆகும், தேனீயின் குடலில் சோதித்தீர்களா என்று அவர் கேட்க வேண்டும். பதில் வரும்வரை புட்டிக்குக் காசு கொடுக்கக் கூடாது.