முதுமையின் சிறுநீர்த் தொல்லை: யாரும் கேட்காத கேள்வி

வெளியூர்க் கல்யாணத்துக்குப் புறப்படும் பாட்டிகளைக் கவனித்துப் பாருங்கள். முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். காலையில் காபி வேண்டாம் என்பார்கள். பேருந்து நிலையக் கழிப்பறையில் முழங்காலை மடக்கி உட்கார முடியாது. இருமினாலோ சிரித்தாலோ சேலை நனைந்துவிடுமோ என்ற பயம் வேறு. தாத்தாக்களின் பாடு இன்னொரு வகை. இரவில் நான்கு முறை எழுந்து, சொட்டுச் சொட்டாகப் போய்விட்டுப் படுத்தால் தூக்கம் பிடிக்காது. மாதாமாதம் சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்குகிற இவர்கள், இதைப் பற்றி மட்டும் மருத்துவரிடம் வாய் திறப்பதில்லை. தப்பித்தவறித் திறந்தாலும், ‘வயசானா அப்படித்தான்’ என்ற பதிலோடு திரும்பி வருகிறார்கள்.

அந்தப் பதிலை ஏற்க முடியாது. வயது ஏற ஏறச் சிறுநீர்ப்பையின் கொள்ளளவு குறைவதும், ஆண்களுக்குப் புராஸ்டேட் பெருப்பதும் உண்மை. ஆனால் தொல்லையின் பெரும்பகுதி குறைக்கக்கூடியது. பல நேரம் அதன் காரணம் சிறுநீர்ப்பையிலேயே இருப்பதில்லை.

இரவில் அடிக்கடி எழுவதையே எடுத்துக்கொள்வோம். பகல் முழுக்கக் காலைத் தொங்கவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கணுக்காலில் நீர் கோக்கிறது. படுத்ததும் அது ரத்தத்துக்குத் திரும்ப, சிறுநீரகம் ராத்திரியில் அதை வெளியேற்றுகிறது. கட்டுக்குள் வராத சர்க்கரை, பொழுது சாய்ந்தபின் போடும் நீர் மாத்திரை, காலில் வீக்கம் தரும் சில பிரஷர் மாத்திரைகள், குறட்டையோடு வரும் மூச்சுத்தடை, நாள்பட்ட மலச்சிக்கல் எல்லாமே இதற்குக் காரணமாகலாம். கண்டுபிடிக்க ஓர் அளவுக் குவளையும் ஒரு தாளும் போதும். மூன்று நாள், எத்தனை மணிக்கு எவ்வளவு போனது என்று குறிக்க வேண்டும். ஒரு நாளின் மொத்த அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் வெளியேறினால், புராஸ்டேட்டை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. நீர் மாத்திரை போடும் நேரத்தை மருத்துவர் மாற்றிக் கொடுத்தாலே பலருக்குத் தூக்கம் திரும்பும். முதியவர்களுக்கு இது தூக்கத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. இருட்டில் அவசரமாக எழுந்து, ஈரத் தரையில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையானவர்கள் எந்தத் தெருவில் இல்லை?

சிகிச்சையே தொல்லையாகிவிடுவதும் உண்டு. புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின் நல்ல மருந்துதான். ஆனால் சிலருக்கு எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றும். அடக்க முடியாமல் போவதற்குத் தரும் ஆக்சிபியூட்டினின் போன்ற பழைய மாத்திரைகள் முதியவர்களுக்கு மனக்குழப்பத்தை உண்டாக்கலாம். ஜலதோஷத்துக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற மாத்திரை, புராஸ்டேட் பெருத்தவருக்குச் சிறுநீரை அடியோடு அடைத்துவிடக்கூடும். வயிறு உப்பி, துடிதுடித்து, நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு ஓட வைக்கும் நிலை அது.

அதைவிட வருத்தம் தருவது ஆன்டிபயாட்டிக் விவகாரம். எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லாத முதியவரின் சிறுநீரில் கிருமி தென்படுவது சாதாரணம். சிறுநீர் வெளியேற நீண்ட நாள் ட்யூப் போட்டவர்களுக்கு அநேகமாக எப்போதுமே தென்படும். சில அறுவை சிகிச்சைகளுக்கு முன்பு போன்ற தருணங்கள் தவிர, அறிகுறி இல்லாத கிருமிக்கு மருந்து தேவையில்லை. ஆனால் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் சீட்டு எழுதப்படுகிறது. உண்மையிலேயே தொற்று வரும் நாளில் அந்த மருந்து வேலை செய்யாமல் போகிறது. ட்யூபும் அப்படித்தான். பார்த்துக்கொள்பவரின் வசதிக்காகப் போட்ட ட்யூப், உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கு வழி திறக்கிறது.

பெண்களுக்கு இருக்கும் எளிய வழிகளை யாரும் சொல்லித் தருவதில்லை என்பது என் ஆதங்கம். சிறுநீரை அடக்குவதுபோல இடுப்படித் தசையை இறுக்கி, சில விநாடி நிறுத்தித் தளர்த்தும் பயிற்சியை அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948-லேயே விளக்கி எழுதினார். மூன்று மாதம் விடாமல் செய்தால் இருமும்போது கசிவது பலருக்குக் குறையும். மாதவிடாய் நின்றபின் திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு வருபவர்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் நல்ல பலன் தரும். யாருக்கு ஏற்றது என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தால் மட்டும், ஆணோ பெண்ணோ, ஒரு முறை வந்து நின்றிருந்தாலும், உடனே பரிசோதிக்க வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அப்படித்தான் முதலில் தலைகாட்டும்.

முதியோர் மருத்துவத்தில் தமிழகத்துக்குப் பெருமைப்படத்தக்க வரலாறு உண்டு. 1978-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் முதியோருக்கான தனிப் பிரிவைத் தொடங்கினார். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அவற்றைக் கொண்டுவரும் ஊழியர் பெரும்பாலும் பெண், ஊர்க்காரர். மகனிடம் சொல்லக் கூசுவதை அவரிடம் ஒரு பாட்டி சொல்லுவார்.

அரசுக்கு என் வேண்டுகோள் இரண்டு. அந்த ஊழியர், ‘ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க? அடக்க முடியாமப் போகுதா?’ என்று எல்லா முதியவர்களையும் கேட்பதை அவருடைய பணியிலேயே சேர்க்க வேண்டும். பேருந்து நிலையங்களில் கைப்பிடியோடு உட்காரும் கழிப்பறை ஒன்றையாவது, பூட்டுப் போடாமல், சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.