நிகழ்ச்சி நிரல் யார் கையில்?

2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. நான்கு பகுதிகள் கொண்ட படைப்பு. ராயல் பில்ஹார்மானிக் கான்சர்ட் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது, மிக்கேல் டாம்ஸ் நடத்தினார். கட்சி வித்தியாசமில்லாமல் எல்லாத் தலைவர்களும் வாழ்த்துச் சொன்னார்கள். எருமப்பட்டி டீக்கடையிலும் அன்னிக்கு அதே பேச்சுதான். பண்ணைப்புரத்திலிருந்து ஆர்மோனியப் பெட்டியோடு கிளம்பியவர் அந்த மேடைவரை போய்ச் சேர்ந்தது சாதாரணக் காரியமில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஒரு குந்துமணி குறைக்கவும் எனக்கு இஷ்டமில்லை.

ஆனால் கைதட்டி முடித்த பிறகாவது ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும் தோழர்களே. அந்தச் சிம்பொனியை இன்னும் பத்து வருஷம் கழித்து எந்த ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும்? அதை முடிவு செய்யப்போகிறவர் யார்?

சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா என்றதும் நம் கண்ணுக்குத் தெரிவது சின்னக் கோலை அசைத்தபடி நிற்கிற கண்டக்டர்தான். அவருக்கு முன்னால் எண்பதிலிருந்து நூறு பேர். முழு அளவிலான ஆர்கெஸ்ட்ராவில் முதல் வயலின் மட்டுமே 16 பேர் வரை இருப்பார்கள். இவர்களில் யாருமே அன்று ராத்திரி என்ன வாசிப்பது என்று தாமாக முடிவு செய்தவர்கள் கிடையாது. அந்த முடிவு இரண்டு மூன்று வருஷத்துக்கு முந்தியே ஒரு அலுவலக அறையில் எடுக்கப்பட்டிருக்கும். கலைத் திட்டமிடல் என்று அந்த வேலைக்குப் பெயர். பெரிய ஆர்கெஸ்ட்ராக்களில் இதற்கென்றே ஒரு தலைவர் உண்டு. இசை இயக்குநரோடு உட்கார்ந்து, எந்த இசையமைப்பாளரை எடுப்பது, யாரை நடத்தக் கூப்பிடுவது, தனி வாசிப்புக்கு யார், எத்தனை ஒத்திகை, எந்த அரங்கு என்று ஒரு வருஷத்தின் மொத்த நிரலையும் போடுகிறவர் அவர்.

அந்த மேசையில் நடக்கிற கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். அறிமுகமில்லாத படைப்புக்குக் கூடுதல் ஒத்திகை வேண்டும். ஒத்திகை என்றால் நூறு பேர் சம்பளம். இசைக்குறிப்பின் வாத்தியப் பிரதிகளைப் பதிப்பகத்திடம் வாடகைக்கு எடுக்க வேண்டும். வழக்கத்தில் இல்லாத வாத்தியம் இருந்தால் அதற்கு வெளியிலிருந்து ஆள். டிக்கெட் விற்குமா என்ற பயம் வேறு. அதனால் புதுசை இடைவேளைக்கு முன்னால் பத்து நிமிஷத்துக்கு நுழைத்துவிட்டு, இடைவேளைக்குப் பின்னால் சைக்கோவ்ஸ்கியையோ பீத்தோவனையோ வைப்பார்கள். பெரும்பாலும் புதுப் படைப்பு ஒரே ஒரு முறை வாசிக்கப்பட்டு அப்படியே அலமாரிக்குள் போய்விடும். தெரிஞ்சது திரும்பத் திரும்ப வரும். வர வர அது இன்னும் தெரிஞ்சதாகும். தெரியாதது தெரியாததாகவே கெடக்கும். கடைசியில் இதற்குத் 'தரம்' என்று பேர் வைத்துவிடுவார்கள். இந்த வித்தையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சாதியும் தன்னைத் 'தகுதி' என்று சொல்லிக்கொண்டு நிற்பது இதே வழியில்தான்.

நான் பேங்கில் கிளார்க். கவுண்டரில் கட்டுக்கட்டாகப் பணத்தை எண்ணிக் கொடுப்பது நான்தான். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் என் கையில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் யாருக்குக் கடன், எவ்வளவு, எத்தனை தவணை என்று சாங்ஷன் பண்ணுகிற கையெழுத்து உள்ளறையில் இருக்கிறது. கலையிலும் கவுண்டர் வேறு, சாங்ஷன் வேறு. நாம் இத்தனை காலமாகக் கவுண்டரைப் பார்த்துத்தான் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

'நல்ல இசைன்னா அது தானா நிக்கும், இதுல மேசை என்ன, நாற்காலி என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஃபுளோரன்ஸ் பிரைஸின் கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கறுப்பினப் பெண், சிம்பொனி எழுதியவர். 1933 ஜூனில் அவருடைய முதல் சிம்பொனியைச் சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. பெரிய அமெரிக்க ஆர்கெஸ்ட்ரா ஒன்று கறுப்பினப் பெண்ணின் சிம்பொனியை வாசித்தது அதுதான் முதல் தடவை. அந்த ராத்திரிக்குப் பிறகு? பாஸ்டன் ஆர்கெஸ்ட்ராவின் நடத்துநர் குஸெவிட்ஸ்கிக்கு அவர் கடிதம் எழுதினார். என் இனத்தையும் பாலினத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு இசையை மட்டும் பாருங்கள் என்பதே அதன் சாரம். அவர் இசையைக் குஸெவிட்ஸ்கி நிரலில் சேர்க்கவில்லை. 1953இல் அந்தம்மா இறந்தார். 2009இல் இல்லினாய் மாநிலத்தில் கைவிடப்பட்ட ஒரு வீட்டில், சிதிலத்துக்கு நடுவே கட்டுக்கட்டாக அவருடைய கையெழுத்துப் பிரதிகள் கிடைத்தன. இன்றைக்குப் பல நாட்டு ஆர்கெஸ்ட்ராக்கள் அவரை வாசிக்கின்றன. அதே தாள், அதே ஸ்வரம். 1933இலும் நன்றாகத்தான் இருந்தது. இடையில் மாறியது நிரல் போடுகிறவர்களின் மனசு. அதுவும் வெளியிலிருந்து நெருக்கிய பிறகு.

அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களில் ஆள் எடுக்கும்போது திரை கட்டுகிற வழக்கம் உண்டு. வாசிப்பவர் திரைக்குப் பின்னால். கேட்பவருக்கு முகமும் தெரியாது, நிறமும் தெரியாது. 1970களுக்குப் பிறகு இது பரவியது, பெண்கள் அதிகமாக உள்ளே வந்தார்கள். வியன்னா பில்ஹார்மானிக் ஒரு பெண்ணை முழு உறுப்பினராக ஏற்கவே 1997 ஆனது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஆனால் அந்தத் திரை வாசிப்பவருக்குத்தான். நிரல் போடுகிற மேசைக்கு முன்னால் யாரும் திரை கட்டுவதில்லை. அங்கே பேர் தெரியும், ஊர் தெரியும், யாருடைய ஆள் என்பதும் தெரியும்.

இப்போது இளையராஜாவுக்கே வருவோம். தன் இசையைப் பிறப்போடு முடிச்சுப் போட்டுப் பேசுவதை அவர் விரும்புகிறவரில்லை. அது அவர் உரிமை. நான் பேசுவது மேசையைப் பற்றி மட்டும்தான். 1993இலேயே லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா ஜான் ஸ்காட் நடத்த அவருடைய ஒரு சிம்பொனியை வாசித்துப் பதிவு செய்தது. அது மக்கள் காதுக்கு வந்து சேரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து 2025இல் நடந்தது ஹாமர்ஸ்மித் பகுதியில் உள்ள ஈவன்டிம் அப்பல்லோ அரங்கில். ராக் கச்சேரிகளும் நகைச்சுவை நிகழ்ச்சிகளும் நடக்கிற இடம். அந்த ஆர்கெஸ்ட்ரா தன் வருஷாந்திர நிரலில் தேடி எடுத்து வைத்த படைப்பாக அது வரவில்லை; தனியே ஏற்பாடான ஒரு மாலையாக வந்தது. வாடகை மண்டபத்தில் ஜாம்ஜாம் என்று கல்யாணம் நடத்தலாம். மறுநாள் காலையில் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டும். இவ்வளவு பெரிய மேதைக்கே கிடைத்தது மண்டபம்தான் என்றால், சேரியில் கீபோர்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பையனுக்கு என்ன கிடைக்கும்?

லண்டனை விடுங்கள். எங்க பக்கம் மாரியம்மன் நோம்பியை எடுத்துக்குங்க. பூச்சாட்டு என்றைக்கு, கரகம் எந்த ராத்திரி, தேர் எந்தத் தெரு வழியாக, மேடையில் எந்த ஊர் 'ஆர்கெஸ்ட்ரா' வந்து சினிமாப் பாட்டுப் பாடுவது, எல்லாம் கோயில் திண்ணைக் கூட்டத்தில் முடிவாகும். அதுவும் கலைத் திட்டமிடல்தான் சாமி. பறை அடிக்காமல் நோம்பி தொடங்காது. அம்மன் அருள் வருவதே அந்தச் சத்தத்தில்தான். ஆனால் பல ஊர்களில் பறை அடிக்கிறவனுக்கு அந்தத் திண்ணையில் இடம் கிடையாது. எங்கே நிற்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தகவல்தான் வரும். சென்னை சபாக்களில் நாதசுரத்துக்கு மங்கள இசை என்று கூட்டம் சேருவதற்கு முந்தின நேரத்தை ஒதுக்குவதும் இதே திண்ணை நியாயம்தான். மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடம். பறையும் மற்ற மக்கள் கலைகளும் வெகுகாலம் கழித்துப் பகுதிநேர வகுப்பாகத்தான் அங்கே நுழைய முடிந்தது. பாடத்திட்டமும் ஒரு நிரல்தானே?

நம் தோழர்களிலேயே சிலர் சொல்வார்கள்: 'வெள்ளைக்காரன் ஆர்கெஸ்ட்ரா நமக்கெதுக்கு? பறை இருக்கு, போதும்.' பறை இருக்கிறது, சரி. ஆனால் பறைக்குள்ளேயே நம்மை நிறுத்தி வைப்பது யாருக்கு வசதி? அண்ணல் அம்பேத்கர் வயலின் பழகியவர். உலகத்தின் எந்த வாத்தியமும் நமக்கு அந்நியமில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

மேசையை நாமே போட முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. சபாவில் ஒரு மணி நேரம் பிச்சை கேட்காமல், அதே மார்கழியில் தன் நிரலைத் தானே எழுதியது. யார் முதலில், யார் கடைசியில், கானா எப்போது, ஒப்பாரி எப்போது, ராப் எப்போது என்று முடிவு செய்ததும் அவர்கள்தான். என் கணக்கில் அதன் பெரிய கலகம் அங்கே வாசித்த எந்த வாத்தியத்தையும் விட அந்த நிரல்தான்.

2006இல் மும்பை தேசியக் கலை மையம் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவைத் தொடங்கியது. கஜகஸ்தான் வயலின் கலைஞர் மராத் பிசென்கலியேவ் இசை இயக்குநர். கணிசமான வாத்தியக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து வாசித்துப் போகிறவர்கள். காசும் அரங்கும் இருந்தால் ஆள் சேர்க்கலாம் என்று அது காட்டியது. தமிழ்நாட்டிலும் நாளைக்கு ஒன்று வரலாம். 2025 செப்டம்பர் 13 அன்று அரசு சென்னையில் இளையராஜாவுக்குப் பாராட்டு விழா எடுத்தது, அவர் பெயரில் விருதும் அறிவித்தது. விருது நல்லதுதான். ஆனால் விருது மாலை மாதிரி, வாடிவிடும். நாம் கேட்க வேண்டியது வேறு.

சிம்பொனியின் வாத்தியப் பிரதிகள் அச்சாகி எந்த ஆர்கெஸ்ட்ராவும் எடுத்து வாசிக்கும்படி கிடைக்க வேண்டும். இளம் இசையமைப்பாளர்களுக்கு அரசு காசு கொடுத்துப் புதுப் படைப்பு எழுதச் சொல்ல வேண்டும். எழுதியதை மூன்று ஊரிலாவது வாசிக்க வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். பொதுப் பணத்தில் நடக்கிற எந்த இசை நிகழ்ச்சிக்கும் நிரல் போடுகிற குழுவின் பெயர்கள் வெளியே தெரிய வேண்டும். அந்தக் குழுவில் இடஒதுக்கீடு வேண்டும். வேலையில் கேட்டோம், படிப்பில் கேட்டோம், நிரலில் மட்டும் ஏன் கேட்கக் கூடாது?

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. வயலின் படிக்கிறவர்கள் படியுங்கள், பாட்டெழுதுகிறவர்கள் எழுதுங்கள். ஆனால் பத்துப் பேரில் ஒருத்தராவது இந்தச் சலிப்பான வேலையையும் கற்றுக்கொள்ளுங்கள்: இசைக்குறிப்பைப் படிப்பது, ஒத்திகைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணிப்பது, பட்ஜெட் போடுவது, அரங்கு பிடிப்பது, ஒப்பந்தத்தை வரிவரியாக வாசிப்பது. இதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள், போஸ்டரில் பேர் வராது. ஆனால் அடுத்த ஃபுளோரன்ஸ் பிரைஸின் கட்டு பாழடைந்த வீட்டில் கிடக்குமா, ஒத்திகை அறைக்குப் போகுமா என்பது அந்த ஒருத்தர் கையில் இருக்கும். உங்கள் கல்லூரி ஆண்டு விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் போடக் கூட்டம் கூடுமே, அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். ஆடத் தெரிஞ்சவன் ஆடட்டும். ஒருத்தர் போய்ப் பேனாவைக் கேட்டு வாங்குங்கள்.