மாட வீதியில் நம் இடம்

திருவண்ணாமலையில் அருணாசலேசுவரர் திருக்கோயிலைச் சூழ்ந்துள்ள மாட வீதிகளைச் சீர்திருத்தும் முயற்சி சில ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. தார் இருந்த இடத்தில் சிமெண்டுச் சாலை வந்துள்ளது. 2024-ஆம் ஆண்டில் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்துவிட்டது. இனி வீதியின் விளக்கு, நடைமேடை, கடை வரிசை ஆகியவற்றைப் பற்றிய திட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வருமென எதிர்பார்க்கலாம். இவை நகரத்தாரின் காரியம், நெசவாளருக்கும் விவசாயிக்கும் இதில் என்ன வேலை என்று நம் அங்கத்தினர்கள் வாளாவிருத்தலாகாது. நம் பண்டம் விலையாவது அந்த வீதியில்தான்.

தேரடி வீதி, திருவூடல் தெரு, பே கோபுரத் தெரு, பெரிய தெரு என்னும் பெயர்களை எண்ணிப் பாருங்கள். மாட்டுப் பொங்கலன்று சுவாமியும் அம்மனும் ஊடல் கொள்ளும் விழா நடைபெறுவதால் ஒரு தெருவுக்கு அப்பெயரே நிலைத்துவிட்டது. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாளில் ஐந்து தேர்கள் இவ்வீதிகளில் வலம் வருகின்றன. அம்மன் தேரைப் பெண்களும், சண்டிகேசுவரர் தேரைச் சிறுவர்களும் இழுத்து வருவது நாடறிந்த காட்சி. ஆயிரமாயிரம் கைகள் ஒரே வடத்தைப் பற்றி இழுக்கும் வீதி இது. கூட்டுறவு என்னும் சொல்லுக்கு இதனினும் எளிய விளக்கம் தேட வேண்டியதில்லை.

ஆனால் மற்ற நாட்களில் இவ்வீதியின் நிலை என்ன? கார்களும் ஆட்டோக்களும் மோட்டார் சைக்கிள்களும் அதனை அடைத்துக்கொள்கின்றன. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் யாத்திரிகர் கூட்டம் ஊருக்குள் புகும்போது முதியவரும் குழந்தையும் நடப்பதற்கு அஞ்சுகின்றனர். ஆதலால் வீதியை நடப்போருக்கு மீட்டுத் தர வேண்டும் என்னும் கருத்தை நாம் மனமார வரவேற்கிறோம். டெல்லியின் சாந்தினி சௌக்கில் செங்கோட்டை முதல் பதேபுரி மசூதி வரை சுமார் 1.3 கிலோமீட்டர் வீதி 2021-ஆம் ஆண்டில் திருத்தியமைக்கப்பட்டு, காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வண்டிகள் விலக்கப்பட்டன. சென்னைப் பாண்டி பஜாரில் 2019-ஆம் ஆண்டு நவம்பரில் அகன்ற நடைபாதைகள் திறக்கப்பட்டன. மதுரையில் சித்திரை வீதிகள் வண்டியின்றி நடக்கத்தக்கவையாயின. ஆகவே இது ஆகாத காரியமன்று.

எனினும் ஓர் ஐயம் நம்மை உறுத்துகிறது. நகரை அழகுபடுத்துவோரின் கண்ணுக்கு முதலில் இடையூறாகத் தோன்றுவது காரன்று. நடைபாதையோரம் கூடையுடன் அமர்ந்திருக்கும் பெண்தான். அவள் யார்? சுற்றுக் கிராமங்களிலிருந்து முதல் பஸ்ஸில் பூவும் கீரையும் காயும் கொண்டு வந்து இறங்கும் நம் விவசாயி வீட்டுப் பெண். விடியலில் பறித்த பூ பிற்பகல் வரை காத்திருக்காது. அவளை வீதியிலிருந்து அகற்றி, ஊருக்கு வெளியே ஜனநடமாட்டமற்ற ஓரிடத்தைக் காட்டினால், அன்றைய பூவோடு அன்றைய கூலியும் வாடிவிடும். அவள் இடம் இழந்தால் இடைத்தரகன் வலுப் பெறுவான். இடைத்தரகனிடமிருந்து விடுபடுவதற்கன்றோ நாம் சங்கம் கண்டோம்?

சட்டம் இவள் பக்கம் இருக்கிறது என்பதைப் பலர் அறியார். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்கி முடியும் வரை எவரையும் அப்புறப்படுத்தலாகாது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே தம்முள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருத்தல் வேண்டும். கேட்பார் இருந்தால்தான் இச்சட்டம் பயன் தரும்.

அதற்காக வீதியை நிலையான கட்டடங்களால் நிரப்பிவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. 2023-ஆம் ஆண்டில் இராஜகோபுரத்துக்கு எதிரே கடை வளாகம் எழுப்ப முற்பட்டபோது ஊரில் எதிர்ப்பு எழுந்து, விஷயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 217 அடி உயரக் கோபுரத்தின் முன் திறந்த வெளி இருப்பதே அழகு. காலையில் விரித்து மாலையில் மடித்து எடுத்துச் செல்லும் கடைக்குச் சுவர் தேவையில்லை. குறியிட்ட இடமும், நிழலும், குடிநீரும், பெண்களுக்குக் கழிப்பிடமும் போதும்.

நெசவாளருக்கும் இதில் பங்கு உண்டு. நம் ஜில்லாவைச் சேர்ந்த ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் தூர தேசத்திலிருந்து மலை காண வரும் யாத்திரிகர், அந்தப் பட்டு நெய்யப்படும் ஜில்லாவில் தாம் நிற்பதை அறியாமலே திரும்புகின்றனர். திருத்தியமைக்கும் வீதியில் கூட்டுறவுச் சங்கங்களுக்கென முறை வைத்துச் சில இடங்களை ஒதுக்கினால், தறித் துணியும், ஜவ்வாது மலைச் சாமையும் தேனும், நம் நிலக்கடலையும் வாங்குவோர் கைக்கு நேரே சேரும்.

வண்டிகளை விலக்கினால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் அஞ்சுவதை நாம் அலட்சியம் செய்யவில்லை. சரக்கு ஏற்றி இறக்க அதிகாலையிலும் இரவிலும் நேரம் ஒதுக்க வேண்டும். வீதியில் குடியிருப்போர், நோயாளர், ஆம்புலன்ஸ் ஆகியோருக்கு வழி இருக்க வேண்டும். அங்ஙனம் செய்தால், நிதானமாக நடந்து வருபவன் நின்று வாங்குவான். விரைந்தோடும் காரில் இருப்பவன் எக்கடையிலும் நிற்பதில்லை. சாலை மட்டம் உயர்ந்து மழைநீர் வீடுகளுக்குள் புகாதபடி வடிகாலையும், தேர் திரும்பும் மூலைகளையும் காப்பது பொறியாளர் பொறுப்பாகும்.

ஆகவே நம் சங்கங்கள் இம்மாதக் கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றி மாநகராட்சிக்கும் கலெக்டருக்கும் அனுப்புதல் நலம். திட்டத்தின் வரைபடத்தைத் தமிழில் பொது இடத்தில் வைக்குமாறு கோர வேண்டும். வீதியோரம் விற்கும் நம் அங்கத்தினர் யாவரும் கணக்கெடுப்பில் பெயர் பதிவு செய்துகொள்ள வேண்டும். விற்பனைக் குழுவுக்குத் தேர்தல் நடைபெறுங்கால் ஒரு வாக்கும் சிதறலாகாது. வரைபடத்தில் கோடு விழும் முன் பேசினால் நமக்கு இடம் கிடைக்கும். கல் பதித்த பின் பேசினால் மனு மட்டுமே மிஞ்சும்.